வீட்டுக்காரம்மா வரும்போது மட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டிவியில் நாங்கள் பார்க்கும் அந்த ஜப்பான் தொடரைக் கார்ட்டூன் என்று சொன்னால் எங்கள் வீட்டில் அடி விழும். அது அனிமே. ரஞ்சனிக்குப் பதினொரு வயது. அவள் திருத்தித் திருத்தி இப்போது எனக்கே அந்த வார்த்தை பழகிவிட்டது.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஜப்பானில் ஏதோ ஒரு சின்ன ஊர். குடும்பஸ்தர்களுக்கு மட்டும்தான் வீடு என்று அடம்பிடிக்கும் ஒரு வீட்டுக்காரம்மா. எங்கள் அசோக் நகர் பக்கம் வந்தால் அந்த அம்மாளுக்கு நிறையத் தோழிகள் கிடைப்பார்கள். வேலை போன மல்யுத்தக்காரன் ஒருவன், கல்யாண மண்டபத்திலிருந்து ஓடிவந்த பெண் ஒருத்தி, நாதியில்லாத சிறுமி ஒருத்தி, மூன்று பேரும் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை என்று புளுகி வீட்டைப் பிடித்துவிடுகிறார்கள். வீட்டுக்காரம்மா வாசலில் நின்றால் அப்பா, அம்மா, கண்ணு என்று ஒரே கொஞ்சல். அவள் தலை மறைந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தட்டைப் பிடுங்கிச் சண்டை. வாரா வாரம் இதே கூத்துதான். தமிழில் அந்த மல்யுத்தக்காரனுக்குக் குரல் கொடுத்தவன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

சாருலதா போன பிறகு எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதே அதைப் பார்த்துத்தான். சாரு என் மனைவி, ரஞ்சனியின் அம்மா. நான் ரஞ்சனியைப் பெற்றவன் இல்லை. பெற்ற மகராசன் கைக்குழந்தையோடு சாருவை விட்டுப் போனவன், போன இடம் தெரியாது. நான் சாருவைக் கட்டிக்கொண்டபோது ரஞ்சனிக்கு ஆறு வயது. அன்றிலிருந்து நான் அவளுக்கு ஜேயார். ஜெயராமைச் சுருக்கி அவளாக வைத்த பெயர். அப்பா என்று கூப்பிடச் சொல்லி சாரு கெஞ்சியும் பார்த்தாள், மிரட்டியும் பார்த்தாள், நடக்கவில்லை. போன வருஷம் தலைவலி என்று படுத்த சாரு எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் எப்படி நாளைக் கடத்தினோம் என்று கேட்காதீர்கள். டிவியில் அந்த மூன்று பேரைப் பார்க்கும்போது மட்டும், ஒட்டுப்போட்ட குடும்பமும் ஓடத்தான் செய்யும் என்று எனக்கு ஒரு தைரியம் வரும்.

அந்தத் தைரியத்துக்கு வேட்டு வைத்தது அனிருத்தின் போன். அனிருத் சாருவின் தம்பி, பெருங்குடியில் பெரிய அடுக்குமாடியில் இருக்கிறான். நல்லவன். அதுதான் தொல்லை, திட்டக்கூட முடியாது. ரஞ்சனியைத் தன்னோடு வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் போய்விட்டால் எனக்கென்று யார் இருக்கிறார்கள்?

நான் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பொம்மைகளுக்குப் புடவை கட்டுபவன். தீபாவளி வந்தால் அப்பா பொம்மை, அம்மா பொம்மை, பட்டுப்பாவாடையில் பிள்ளை பொம்மை என்று கண்ணாடிக்குள் நிறுத்துவேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அந்தப் புத்திதான் இங்கேயும் வேலை செய்தது. சனிக்கிழமை தோசை வார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நாளைக்கு மாமா இருக்கிற வரைக்கும் என்னை அப்பான்னு கூப்பிடு ரஞ்சு. அது போதும்."

"வீட்டுக்காரம்மா வரும்போது கூப்பிடுவாங்களே, அப்படியா?" என்று கேட்டாள்.

அப்படியேதான் என்றேன், பெரிய புத்திசாலியாட்டம். அவள் சிரிக்கவில்லை. அதையாவது நான் கவனித்திருக்கலாம்.

மறுநாள் அனிருத் ஆப்பிளும் முறுக்குமாக வந்தான். ரஞ்சனி காபி கொண்டுவந்து வைத்தாள். இப்போது சொல்லுவாள், இப்போது சொல்லுவாள் என்று நான் இருமினேன், செருமினேன். ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூடம், படிப்பு என்று கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு அவன் நேராக அவளிடமே கேட்டான்.

"நம்மாத்துக்கு வந்துடறியா ரஞ்சனி? மாமி இருக்கா, மாளவிகா இருக்கா. ஒனக்குத் தனி ரூம் தரேன்."

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லித் தொலையேன் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"நான் ஜேயார்கூடத்தான் இருப்பேன் மாமா."

அனிருத்தின் முகம் சுருங்கிவிட்டது. அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு என்னிடம் தணிந்த குரலில்தான் பேசினான்.

"இத்தனை வருஷமா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுண்டு இருக்கா. வாய் வார்த்தைக்குக்கூட அப்பான்னு வரலை. எந்த ஒறவை நம்பி இவளை இங்க விட்டுட்டுப் போறது, சொல்லுங்கோ."

ஏன்டா, அக்கா புருஷனை நீ ஒருநாளாவது அத்திம்பேர் என்று கூப்பிட்டிருக்கிறாயா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் காரியம் கெடும் என்று அடக்கிக்கொண்டேன். அடக்கியும் கெட்டது. முழுப் பரீட்சை முடிந்ததும் வந்து அழைத்துப் போவதாகவும், நான் மறுத்தால் வக்கீலைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டு, காபி நன்றாயிருந்தது என்று வேறு சொல்லிவிட்டுப் போனான்.

கதவைச் சாத்தினேனோ இல்லையோ, அவள்மேல் பாய்ந்தேன்.

"ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல இன்னா கஷ்டம் உனக்கு?"

அவள் அழவில்லை.

"அதுல நடிக்கும்போதுதான் அப்பான்னு கூப்பிடுவாங்க ஜேயார். வீட்டுக்காரம்மா போனப்புறம், நெஜமா இருக்கும்போது பேர்தான் சொல்லுவாங்க. மாமா முன்னாடி நான் எதுக்கு நடிக்கணும்?"

சொல்லிவிட்டு அவள் டிவி அறைக்குள் போய்விட்டாள். அனிருத்தைக் கூப்பிட்டு இதைச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். என்னவென்று சொல்வது? ஐயா, கார்ட்டூனில் அப்படித்தான் என்று நாளைக்குக் கோர்ட்டில் நின்று சொல்ல முடியுமா?

கார்ட்டூன் இல்லை, அனிமே.

"வா ஜேயார், போட்டுட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. முறுக்கை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.