செங்கம் ரோட்டில் கிளம்பிய வீடு

எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில், தக்காளி விலை இறங்கியிருந்த வாரத்தில், பம்புசெட் மெக்கானிக் கண்ணாயிரத்தின் ஓட்டு வீடு செங்கம் ரோட்டில் கிழக்கு நோக்கி நகரத் தொடங்கியது. அப்போது உள்ளே அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கஞ்சி வடிக்க வேண்டிய பதம்.

இந்த வம்பு ஆரம்பித்தது அந்தச் சித்திரையில். பம்புக்கு வால்வு வாங்க மெட்ராஸுக்குப் போன மனுஷன், காசிமேட்டுப் பக்கம் பழைய இரும்புக் கடை ஒன்றில் உப்புப் பூத்துக் கிடந்த படகு மோட்டாரைப் பார்த்தார். மேலே எஞ்சின், நடுவே நீளமான தண்டு, அடியில் மூன்று இலை விசிறி. பார்த்ததும் வால்வு மறந்துபோனது. அதைத் தோளில் சுமந்துகொண்டு திருவண்ணாமலையில் பஸ்ஸை விட்டு இறங்கியவரைப் பார்த்து ஊரே சிரித்தது. ஏரிக்குள் ஆடு மேய்ந்த வருஷம் அது. "இன்னாப்பா கண்ணாயிரம், குடிக்கவே தண்ணியக் காணோம், நீ படகு வுடப் போறியா?" என்றாள் பக்கத்து வீட்டு ஜோதியம்மாள். கிணற்றுத் தண்ணீரை மேலேற்ற என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். எதற்கு வாங்கினோம் என்பது அவருக்கே விளங்கவில்லை.

அவர் மனைவி பாஞ்சாலை மட்டும் சிரிக்கவில்லை. சிறு வயதில் கீழ்பென்னாத்தூர்க் கிணறுகளில் பையன்களைத் தோற்கடித்து நீந்தியவள் அவள். மல்லாட்டை மூட்டை ஏற்றிய வண்டி குடைசாய்ந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய், சில வருஷங்களாகக் கட்டிலோடு கிடந்தாள். ஆஸ்பத்திரியில் உயிர் இழுபறியாக இருந்தபோது, பிழைத்தால் யார் முதுகிலும் ஏறாமல், எந்த வண்டியிலும் உட்காராமல், தன் உடம்பாலேயே மலையைச் சுற்றி வருவதாக அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டாள். உயிர் நின்றது, கால் வரவில்லை. மாட்டுவண்டியில் கூட்டிப்போகிறேன் என்று கண்ணாயிரம் கெஞ்சாத நாளில்லை. "சாமிகிட்ட ஒண்ணு சொல்லிட்டு வேற ஒண்ணு செய்வாங்களா?" என்பாள். பௌர்ணமி வந்தால், மலை சுற்றப் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்காமல் இருக்கக் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பாள்.

மோட்டாரை அவள் கட்டிலில்தான் பிரித்தார்கள். இறுகிப்போன பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மரச்சுத்தியால் தட்டித் தட்டி இளக்கினார். காயில் கம்பியைப் புதிதாகச் சுற்றினார். கார்புரேட்டரின் மயிரிழைத் துளைகளை அவள் தன் கொண்டை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தாள். கழற்றிய ஒவ்வொரு சாமானிலிருந்தும் மணல் கொட்டியது. ஈர மணல். அந்த வெயிலில் முறத்தில் காயவைத்தும் அது காயவில்லை.

ஐப்பசியில் எல்லாம் பூட்டி முடிந்தது. புழக்கடைச் சுவரோடு ஒட்டிக் கட்டிய சிமென்ட் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் மோட்டாரை மாட்டி, கயிற்றைச் சுண்டி இழுத்தார். இருமியது. மறுபடி இழுத்தார். பிடித்துக்கொண்டது. தொட்டி நுரைத்தது, வீடு கிளம்பியது. கடைக்கால் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு மேலே இருந்த சுவர், கூரை, அடுப்பு, கட்டில், தொட்டி எல்லாம் புறப்பட்டுவிட்டன. கரண்டுக் கம்பி இழுபட்டு அறுந்தது. கண்ணாயிரம் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்தபடி தொட்டி மேலேயே நின்றார். எதிரே வந்த பஸ் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஓரம் கட்டினார். போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. நம்பர் பிளேட் இல்லாத வீட்டை எந்தக் கேஸில் பிடிப்பது?

உள்ளேயிருந்து பாஞ்சாலை கத்தினாள். "ஏங்க, மலை எடது கைப் பக்கம் வருதுங்க. நிறுத்துங்க!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மலையை வலது கைப் பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும். எல்லோரையும்போல அவரும் வீட்டைக் கிழக்கு வாசல் வைத்துக் கட்டியிருந்தார். வாசல் பார்த்த திசையில் வீடு போகிறது, தெய்வக் குற்றமாகப் போகிறது. கைப்பிடியை முழு பலத்தோடு ஒடித்துத் திருப்பினார். வீடு, ரோட்டை அடைத்துக்கொண்டு, ஒரு ஓடுகூடச் சரியாமல் மேற்கே பார்த்துத் திரும்பியது. திரும்பிய இடத்திலேயே மோட்டார் நின்றது. உள்ளங்கைத் தோல் உரியும்வரை கயிற்றை இழுத்தார். அசையவில்லை.

வேடிக்கை பார்த்தவர்களில் வாட்டசாட்டமான ஆட்கள் தள்ளுவதற்கு வந்தார்கள். "யாரும் கை வெக்கக் கூடாது" என்று ஒரு குரல் வந்தது. கட்டிலிலிருந்து தானே விழுந்து, முழங்கையால் ஊர்ந்து, பாஞ்சாலை வாசற்படிக்கு வந்திருந்தாள். நிலைப்படி மேல் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் தார் ரோட்டின் மேல் நீட்டி, கிணற்றில் நீந்துகிற மாதிரி பின்னால் வலித்து இழுத்தாள். வீடு ஒரு முழம் முன்னால் போனது. கண்ணாயிரம் ஓடிவந்து பார்த்தார். அவள் கைகள் மணிக்கட்டுவரை தாருக்குள் அமிழ்ந்து, நனைந்து வெளியே வந்தன. அவர் தெருவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அன்று ராத்திரி முழுக்க வலித்தாள். அவர் பக்கத்திலேயே நடந்து வாயில் தண்ணீர் ஊற்றினார், வடிக்காமல் குழைந்துபோன சோற்றை ஊட்டினார். மலைக்குப் பின்புறம் அடிஅண்ணாமலையில் நாய்கள்கூடக் குரைக்கவில்லை. விடிகிற நேரம் தேரடி வீதிக்கு வந்தபோது, ஏதோ தேர் என்று நினைத்து யாரோ தேங்காய் உடைத்தார்கள். மத்தியானம் வீடு தன் கடைக்காலின் மேல் ஏறி அமர்ந்தது, மேற்கு வாசலாக. வழி நெடுகத் தாரில் உப்புக் கோடு வெள்ளையாக நின்றது. பாஞ்சாலை தன் ஈரக் கையை நக்கிப் பார்த்தாள். "கரிக்குதுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கால் போன பிறகு அவள் சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மோட்டார் அதற்குப் பிறகு கிளம்பவேயில்லை. துணி காயப்போடக் கொடி கட்ட உதவியது. எண்பதுகள் முழுக்க ஐப்பசி தோறும் வீடு ஒரு தடவை போய்வந்தது. லைன்மேன் முதல் நாளே வந்து கம்பியைக் கழற்றிவிடுவார். ஜோதியம்மாளுக்கு ஒரே ஒரு குறைதான். "போறது போற, அந்த ஆட்டுக்கல்ல எறக்கி வெச்சிட்டுப் போ பாஞ்சாலை. நாளைக்கு இட்லிக்கு நான் எங்க போயி மாவாட்டுவேன்?" என்பாள். இறக்கி வைத்துவிட்டுத்தான் போவார்கள்.