மகளுக்குப் பின்னால் ஒரு படகு

யாகோப்பருக்குத் தன் மகளிடம் 'இல்லை' என்று சொல்லத் தெரியாது. சின்ன வயதில் முயல் கேட்டாள், வாங்கிக் கொடுத்தார். பள்ளிக்கூடக் காலத்தில் துரம்பெட் கேட்டாள். அதையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, மேல்வீட்டு ஜேர்மன்காரரிடம் தானே படியேறிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். வளர்ந்து வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, மஞ்சள் தாடியோடு ஒருவனைக் கூட்டி வந்து "அப்பா, இவர் பீலிக்ஸ்" என்றாள். முயலுக்கும் துரம்பெட்டுக்கும் திறக்காத வாய் பீலிக்ஸுக்கு மட்டும் எப்படித் திறக்கும்?

அப்படிப்பட்ட மனிதர் பிராங்பேர்ட் வீட்டுக் குசினியில் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில் மகள் லவினியா புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"அப்பா, ஓகஸ்டில ஒரு கிழமை கிறீசுக்குப் போறம். பாய்ப்படகில."

"ஆரார்?"

"நானும் பீலிக்ஸும்."

"வேற ஆர்?"

"வேற ஒருத்தரும் இல்லை. படகு சின்னன்."

சம்பல் யாகோப்பருக்குப் புரையேறிவிட்டது. மனைவி டொறத்தி முதுகில் இரண்டு தட்டுத் தட்டித் தண்ணீர் கொடுத்தா.

இதில் புரையேற என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஏப்ரல் மாதமே நகரசபையில் கையெழுத்துப் போட்டு, கலியாண எழுத்து முடிந்துவிட்டது. பீலிக்ஸின் தாய் அழுதா, தகப்பன் எல்லோருக்கும் வைன் ஊற்றினார், லவினியாவின் பெயர்கூட மாறிவிட்டது. ஜேர்மன் சட்டப்படி இருவரும் புருசன் பெண்சாதி. ஆனால் யாகோப்பரின் சட்டம் வேறு. செப்டெம்பரில் கோயிலில் பாதர் முன்னால் தாலி ஏறினால்தான் கலியாணம். அதுவரைக்கும் மகள் தகப்பன் வீட்டில், மருமகன் டார்ம்ஸ்டாட்டில்.

பீலிக்ஸும் பாவம், முறுகாமல் பொறுத்துக்கொண்டிருந்தான். ஞாயிறு மதியம் வந்து சோறு சாப்பிடுவான், "நன்றி, மாமா" என்று தமிழில் சொல்வான், சாயங்காலம் தனியே எஸ்-பான் ரயில் பிடித்துப் போவான். வேலையிடத்தில் யாராவது "மனைவி எங்கே?" என்று கேட்டால் "அப்பாவோடு இருக்கிறாள்" என்று உண்மையைச் சொல்வான். இதற்குள் பிரிந்துவிட்டார்களா என்று அவர்கள் பரிதாபப்பட்டு அவனுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார்கள்.

"எழுத்து முடிஞ்ச பிள்ளையள்தானே, போகட்டுமேன்," என்றா டொறத்தி.

"நீ சும்மா இரு. அக்காவுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

அக்கா என்பது ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் ஜசிந்தா. யாகோப்பருக்கு மூத்தவ. ஒரு செய்தி அவவின் காதில் விழுந்தால் இரவுக்குள் பாரிஸ், ஒஸ்லோ, ரொறன்ரோக் காதுகளிலும் விழுந்துவிடும். 'தாலி கட்ட முதலே கடலுக்குப் போயிட்டாளாம்' என்று அவ இழுத்துச் சொல்லப்போகும் தொனி யாகோப்பரின் காதில் இப்போதே கேட்டது. மகளுக்கு இல்லை என்று சொல்லவும் ஏலாது, அக்காவுக்கு ஓம் என்று சொல்லவும் ஏலாது. மனிதர் நன்றாக மாட்டுப்பட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் இன்டர்நெட்டைக் குடைந்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். புளொட்டில்லா. பத்துப் பன்னிரண்டு பாய்ப்படகுகள் கூட்டமாகப் போகும். முன்னால் கொம்பனியின் படகு வழிகாட்டும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'எங்களோடு வந்தால் நீங்கள் ஒருபோதும் தனியாக இல்லை.' யாகோப்பர் சிலுவை போட்டுக்கொண்டார். இது கடவுளே காட்டியது.

"பிள்ளை, தாராளமாப் போங்கோ," என்றார் மகளிடம். "நீங்கள் ஒரு படகில. நானும் அம்மாவும் பின்னால ஒரு படகில. கொம்பனியை மட்டும் நான் பாத்து எடுக்கிறன்."

லவினியா தாயைப் பார்த்தாள். தாய் கூரையைப் பார்த்தா. இல்லை என்று சொல்லாதது வரைக்கும் லாபம் என்று லவினியாவும் தலையாட்டிவிட்டாள்.

முதலில் பேசியது மூன்சன் நகரத்துக் கொம்பனி. வீடியோவில் வந்த பையன் வெயிலில் நன்றாகக் காய்ந்தவன், எதற்கெடுத்தாலும் சிரித்தான்.

"காலையில் எல்லோரும் கூடிப் பேசுவோம். மாலையில் ஒரே துறைமுகத்தில் சந்திப்போம். நடுவில் முழுச் சுதந்திரம்!" என்றான்.

"நடுவில் என்றால் எவ்வளவு நேரம்?" என்று யாகோப்பர் ஜேர்மனில் கேட்டார்.

"பகல் முழுவதும்! யாருக்கும் தெரியாத குட்டிக் குட்டி விரிகுடாக்கள் இருக்கின்றன. அங்கே நங்கூரம் போட்டால் ஒரு குருவிகூட உங்களைப் பார்க்காது."

அவன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான். யாகோப்பர் அடுப்பில் கை பட்டவர் மாதிரி மடிக்கணினியை அறைந்து மூடினார்.

அடுத்தது ஹம்பேர்க் கொம்பனி. இவர்களிடம் நல்லதொரு வசதி இருந்தது. எல்லாப் படகும் கைத்தொலைபேசியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். எந்தப் புள்ளி எங்கே நிற்கிறது என்று எந்த நேரமும் பார்க்கலாம். யாகோப்பருக்குப் புள்ளி பிடித்துப்போயிற்று. ஆனாலும் மனிதருக்கு ஒரு சந்தேகம்.

"புள்ளிக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரியுமா?"

திரையில் இருந்த பெண், "மன்னிக்கவும், நீங்கள் சுங்கத் திணைக்களமா?" என்று கேட்டாள்.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் கீல் நகரத்து லோரென்சன் அம்மா. கத்தரித்த வெள்ளை முடி, சிரிப்பென்ற பேச்சே இல்லை. முப்பது வருடமாகத் தனியே கொம்பனி நடத்துகிறவ.

"என் படகுகள் வரிசையாகப் போகும்," என்றா. "வரிசை விட்டு விலகுகிறவர்களை அடுத்த வருடம் எடுக்க மாட்டேன். மணிக்கொரு தடவை வானொலியில் கூப்பிடுவேன், பதில் சொல்ல வேண்டும். இரவில் எல்லாப் படகையும் பக்கத்துப் பக்கத்தில் கட்டுவோம். ஒரு படகில் யாராவது இருமினால் மூன்றாவது படகு விழித்துக்கொள்ளும்."

யாகோப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"டொறத்தி, இது கொம்பனி இல்லை. கன்னியர்மடம்!"

ஆனால் லோரென்சன் அம்மா அடுத்த கேள்வியிலேயே அவரை இறக்கி வைத்தா. இரண்டாவது படகை யார் ஓட்டுவது? படகுக்கு ஒருவரிடமாவது உரிமம் இருக்க வேண்டும். உரிமம் இருந்தது பீலிக்ஸிடம் மட்டும். யாகோப்பர் கடலோர மன்னாரில் பிறந்தவர்தான். ஆனால் அவருடைய தகப்பன் தபால்கந்தோரில் வேலை செய்தவர், பையனைக் கடல் பக்கமே விடவில்லை. கொம்பனியின் கூலி மாலுமிகளும் ஓகஸ்ட் முழுவதற்கும் பதிவாகிவிட்டார்கள்.

"ஆகவே ஒரே படகு. நான்கு பேர், இரண்டு அறை," என்று லோரென்சன் அம்மா முடிவு கட்டினா. "தம்பதிகள் முன் அறையில். நீங்கள் இருவரும் பின் அறையில்."

"எந்தத் தம்பதிகள்?"

"உங்கள் மகளும் மருமகனும். ஒரே குடும்பப் பெயர் போட்டிருக்கிறதே."

"அவர்கள் இன்னும் கலியாணம் கட்டவில்லை," என்றார் யாகோப்பர். "கடதாசியில் மட்டும்தான் கட்டியிருக்கிறார்கள்."

லோரென்சன் அம்மா கண்ணாடியைக் கழற்றினா. "கடதாசியில் மட்டுமா? மன்னிக்க வேண்டும், வேறு எதில் கட்டுவது?"

இந்த நாட்டில் கடதாசிதான் எல்லாம் என்று ஊருக்கே புத்தி சொல்லி வந்தவர் யாகோப்பர். அகதியாக வந்து விசாவுக்காக எட்டு வருடம் காத்திருந்தவருக்கு அது தெரியாதா? அந்த வாயாலேயே இப்போது கடதாசி மட்டும் போதாது என்று சொல்லிவிட்டார். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் யாகோப்பருக்குப் பிடிவாதமும் கூடவே வந்துவிடும்.

"பொம்பிளையள் ரெண்டு பேரும் பின் அறையில," என்று அன்று இரவுச் சாப்பாட்டில் அறிவித்தார். "நானும் பீலிக்ஸும் முன் அறையில."

லவினியா கரண்டியை வைத்தாள். முகம் ஒரு மாதிரிப் போயிற்று. "சரியப்பா. நான் பீலிக்ஸிட்டச் சொல்லுறன்," என்றாள். அந்தச் 'சரியப்பா' அவரை ஒரு கிழமை முழுக்க உறுத்தியது. சண்டை பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பீலிக்ஸ் வந்தான். கையில் வழக்கமான பூக்கொத்து இல்லை, ஒரு கட்டு நீல ஒட்டுநாடாவும் அளவுநாடாவும் கொண்டுவந்திருந்தான்.

"மாமா, ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம்," என்றான். "லோரென்சன் அம்மாவிடம் படகின் வரைபடம் கேட்டு வாங்கினேன்."

சோபாவை நகர்த்தினான், கம்பளத்தைச் சுருட்டினான், முழங்காலில் நின்று அளந்து அளந்து நாடாவை ஒட்டினான். வரவேற்பறை நடுவில் முன் அறைக் கட்டில் அச்சாக வந்து விழுந்தது. படகின் மூக்குக்குள் போடும் கட்டில் அது. தலைமாட்டில் அகலம், போகப் போக ஒடுங்கிக் கால்மாட்டில் கூம்பிப்போய் நின்றது.

"இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள இருக்கையில் ஒருவர் படுக்க முடியாதோ?" என்று யாகோப்பர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"அது சாமானுக்கு, மாமா. மாமி இரண்டு ரைஸ் குக்கர் கொண்டுவருகிறாராம். நீங்கள் இடப் பக்கமா, வலப் பக்கமா?"

சொன்ன சொல்லை இனி மென்று விழுங்க முடியுமா? யாகோப்பர் சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு இடப் பக்கம் படுத்தார். பீலிக்ஸ் வலப் பக்கம் படுத்தான். ஆள் நெடுவல். தோள் இரண்டும் முட்டாமல் சமாளித்தாலும் கால் நான்கும் கூம்பில் போய் ஒன்றாகக் குவிந்தன. மருமகனின் பெருவிரல் தன் உள்ளங்காலில் இடிப்பதை யாகோப்பர் உணர்ந்தார். கூச்சத்தில் கால் தானாகச் சுருண்டது.

"நான் தூக்கத்தில் கொஞ்சம் உதைப்பேன்," என்று பீலிக்ஸ் மேலே பார்த்தபடி சொன்னான். "நடுவில் தலையணை வைத்துக்கொள்ளலாம். உங்கள் குறட்டைக்குக் கவலை வேண்டாம். காதுக்கு அடைப்பான் வாங்கிவிட்டேன். நல்ல வகை, விமான நிலையத்தில் பாவிப்பது."

தேத்தண்ணியோடு வந்த டொறத்தி வாசலிலேயே நின்றுவிட்டா. "ஐயோ மாதாவே, செத்தவீடு மாதிரி ரெண்டு பேரையும் ஒண்டாக் கிடத்தியிருக்கு!"

யாகோப்பருக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் கிடந்தவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் பகிடி விடவில்லை. உண்மையாகவே ஏழு நாளும் இப்படிக் கிடக்கத் தயாராக வந்திருக்கிறான். உலகத்தில் எந்தப் புருசன் இதைச் செய்வான்?

"பீலிக்ஸ், உனக்கு என்னில் கோபம் வரவில்லையா?"

பீலிக்ஸ் நேர்மையாக யோசித்தான். "ஏப்ரலில் வந்தது. மேயில் நிறைய வந்தது," என்றான். "பிறகு லவினியா சொன்னாள், அப்பா தனக்கு ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லையாம். சேர்ந்து இருக்க விடச்சொல்லி நாங்கள் வற்புறுத்தினால் இதற்கு மட்டும் இல்லை என்று சொல்ல வேண்டி வந்துவிடுமாம். சொன்னால் அவர் தாங்க மாட்டார் என்றாள். அதனால் நாங்கள் எதுவும் கேட்பதில்லை."

இத்தனை வருடமும் தான்தான் மகளுக்கு விட்டுக்கொடுத்து வாழ்வதாக யாகோப்பர் நினைத்திருந்தார். ஏப்ரலில் இருந்து விட்டுக்கொடுத்தது முழுக்க அவள்.

நாரி பிடித்துக்கொண்டது, இடுப்பை நிமிர்த்தி எழும்ப முடியவில்லை. பீலிக்ஸ்தான் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினான்.

"லவினியா! இஞ்ச வா பிள்ளை!"

அவள் பயந்துபோய் ஓடிவந்தாள். தரையில் நாடாவையும் தகப்பனின் கலைந்த தலையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"பீலிக்ஸ் வீட்டை போகேக்க நீயும் வெளிக்கிடு."

"எங்கயப்பா?"

"உன்ர புருசன் வீட்டைதான், வேற எங்க? செப்டெம்பரில ரெண்டு பேரும் அங்கயிருந்து கோயிலுக்கு வாங்கோ. பிந்தாமல் வந்தால் காணும்."

"அப்ப கொம்பனி?"

"அதை நீங்களே பாத்து எடுங்கோ. எனக்குக் கடல் சரிவராது."

"ஸ்டுட்கார்ட் மாமி என்ன சொல்லுவா?"

"அக்காவுக்கு நான் சொல்லுறன். கூடக் கதைச்சா எண்டால், அவவுக்கு ஒரு படகு எடுத்துக் குடுத்து உங்களுக்குப் பின்னால விடுறன்."

டொறத்தி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு மேல்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். பீலிக்ஸுக்குப் பேச்சின் பாதிதான் விளங்கியது. ஆனால் விளங்கிய பாதி போதுமானதாக இருந்தது, தாடி வரைக்கும் சிவந்துபோனான். லவினியா மட்டும் சிரிக்கவில்லை. மாதக்கணக்காகக் கேட்காமலே வைத்திருந்தது கேட்காமலே கைக்கு வந்ததும் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்தாள், குளியலறைப் பக்கம் பார்த்தாள், மறுபடி துடைத்தாள்.

"இண்டைக்கு ஏலாதப்பா," என்றாள் விக்கிக்கொண்டே. "என்ர உடுப்பெல்லாம் மெசினுக்க சுத்துது. எல்லாம் ஈரம்."

"அதை நான் காயப்போடுறன்," என்றார் யாகோப்பர். "நீ வெளிக்கிடு."