கையெழுத்துப் போட்டவர்

பேருந்துப் பணிமனையில் அந்த ஓட்டுநரைக் 'காத்து' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வண்டியின் வேகத்துக்காக வந்த பட்டம் அல்ல அது. வாயின் வேகத்துக்காக வந்தது. பதினாறு வருஷத்தில் ஒரு கண்ணாடியைக்கூட உடைத்ததில்லை. ஆனால் பேச உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் மூச்சுவிட இடம் கிடைக்காது. ஆளாளுக்குப் பட்டப்பெயர் வைப்பதும் அவன்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் கண்ணை மூடி ஜெபம் பண்ணும் மெக்கானிக்குக்கு 'ஆமென்' என்று பெயர் வைத்தவனும் அவனே.

"சீக்கிரம் முடிடா ஆமென், சாப்பாடு ஆறுது!"

"உங்களுக்கும் சேர்த்துத்தான்ணே சொன்னேன். அதான் லேட்டு" என்று மெக்கானிக் சிரிப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சந்தைக்கு இறங்கும் சரிவில், காத்து பிரேக்கை மிதித்தபோது கால் அடிவரை போனது, வண்டி நிற்கவில்லை. கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். யோசிக்க நேரமில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து, பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் சுவரில் வண்டியை மோதி நிறுத்தினான். வயதான ஒரு அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புகள். உயிர்ச்சேதம் இல்லை.

வண்டிக்கு அடியில் பிரேக் குழாய் அறுந்து கிடந்தது. "மோதின வேகத்துல அறுந்திருக்கு. முதல் நாள்தான் செக் பண்ணிக் கையெழுத்து ஆகியிருக்கு" என்றார் மேற்பார்வையாளர். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "பேரே காத்து. மெதுவாவா போயிருப்பான்?" என்று பணிமனையில் பேச்சு கிளம்பியது. தன் பட்டப்பெயரே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

வீட்டில் நாள் நகரவில்லை. நாலாவது நாள் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மிதித்தோமா? சரியான நேரத்துக்கு மிதித்தோமா? சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தரையில் அழுத்தி அழுத்திப் பார்ப்பான்.

"எத்தனை தடவைதான் மிதிப்பீங்க? தரை நின்னுகிட்டுத்தான் இருக்கு" என்றாள் மனைவி. சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை விசாரணை. மேலாளர் அறையில் அவன் கைகட்டி நின்றான். பாதியில் கதவு தட்டும் சத்தம். மெக்கானிக் உள்ளே வந்தான். கையில் கிரீஸ்கூடக் கழுவப்படவில்லை.

"சார், அந்தக் குழாயில வெடிப்பு இருந்தத நான் பார்த்தேன். மாத்தணும்னு எனக்குத் தெரியும். பொண்ணுக்குக் காய்ச்சல்னு போன் வந்துச்சு. நாளைக்கு மாத்திக்கலாம்னு 'சரியா இருக்கு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டேன். தப்பு என்னோடது. அண்ணன் மேல ஒண்ணும் இல்ல."

"நீ சொல்லாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்று மேலாளருக்கே வாய் தவறி வந்துவிட்டது.

"எனக்குத் தெரியுமே சார்."

வெளியே நடைவழியில் காத்து அவன் சட்டையைப் பிடித்தான். "ஆறு நாளாடா! என் பொண்ணு பள்ளிக்கூடத்துல தலை குனிஞ்சு நின்னா. ஆறு நாள் எங்கடா போயிருந்த?"

"பயந்துட்டேன்ணே." மெக்கானிக் பிடியை விலக்கவில்லை. "வேலை போயிடும்னு பயம். ஜெபம் பண்ண உட்கார்ந்தா வார்த்தையே வரல. 'முதல்ல அந்த டிரைவர்கிட்டப் பேசிட்டு வா, அப்புறம் எங்கிட்டப் பேசலாம்'னு ஆண்டவர் சொல்ற மாதிரியே இருந்துச்சு. லேட்டாத்தான் வந்தேன். என்னை மன்னிச்சிருங்க."

காத்து பிடித்திருந்த சட்டையை விட்டான். கசங்கிய இடத்தை அவனே தடவிச் சரிசெய்தான்.

மெக்கானிக்குக்கு வேலை போகவில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு வண்டி கழுவும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்து அவன் மன்னிப்புக் கேட்டதை அவர் மகனே பணிமனையில் வந்து சொன்னார். ரப்பர் பூட்ஸும் ஈரச் சட்டையுமாக அவன் முன்போலவே சிரித்துக்கொண்டு வேலை பார்த்தான். காத்து மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தான். மனசுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை.

காரணம் அவனுடைய அண்ணன்.

மூன்று வருஷத்துக்கு முன் காத்துவின் வீட்டுக் குளியலறையில் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டிய முறை அன்று காத்துவினுடையது. அவனோ, எதையோ கழுவித் தரையை ஈரமாகப் போட்டுவிட்டு, கீழ்வீட்டுக்காரரிடம் அரட்டை அடிக்கப் போயிருந்தான். முந்தின நாள் முறைக்கு வந்திருந்த அண்ணன் காலையில் அங்கேதான் குளித்துவிட்டுப் போயிருந்தார். சொந்தக்காரர்கள் கேட்டபோது, "அண்ணன் குளிச்சுட்டுத் தரையைத் துடைக்காமப் போயிட்டான்" என்று சொல்லிவிட்டான். அண்ணன் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

அண்ணன் ஏன் மறுக்கவில்லை என்பது இப்போதுதான் காத்துவுக்கு உறைத்தது. துடைத்தோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கும். ஆறு நாளிலேயே தன் காலைத் தானே நம்ப முடியாமல் போனதே; அண்ணனுக்கு மூன்று வருஷம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினான். அண்ணி திறந்தாள். அண்ணன் பிள்ளைகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் குறைவாகப் பேசினான்.

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "தினமும் குளிச்சு முடிச்சதும் ரெண்டு தடவை தரையைத் துடைக்கிறேன்டா. உங்க அண்ணி கேலி பண்ணுவா. ஏன்னு அவகிட்டக்கூட நான் சொன்னதில்ல." பெட்டியின் சுவிட்சை அணைத்தார். "இப்ப போயிடு. உன் முகத்தைப் பார்க்க முடியல."

அவன் படி இறங்கும்போது அண்ணி பின்னாலேயே வந்தாள். "சொல்லணும்னு தோணுச்சே, அதுவே பெரிசு. அவருக்குக் கொஞ்சம் நாள் குடுங்க."

பதினோராம் நாள் அண்ணன் காத்துவின் வீட்டுக்கு வந்தார். அப்பா கைத்தடியோடு எழ முயன்றபோது ஓடிப்போய்த் தாங்கினார். மூவரும் அழுதார்கள். கடைசியில் அப்பாதான், "இடுப்பு எனக்குத்தானடா உடைஞ்சது, நீங்க ரெண்டு பேரும் எதுக்கு இப்படி அழறீங்க?" என்றார். சமையலறையிலிருந்து காத்துவின் மனைவி சிரித்த சிரிப்பு பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும்.

மறுநாள் வண்டி கழுவும் இடத்துக்குப் போய் காத்து நடந்ததைச் சொன்னான். மெக்கானிக் தண்ணீரை மூடிவிட்டு முழுவதையும் கேட்டான்.

"எல்லாம் உன்னாலதான்டா."

"நான் ஆறு நாள் ஒளிஞ்சவன்ணே. எனக்குத் தைரியம் குடுத்தவர்கிட்ட நன்றி சொல்லுங்க."

"அவர்கிட்ட எனக்குப் பழக்கமே இல்லையேடா."

"பழகினாப் போச்சு!"

அன்று சாயங்காலம் கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு, வெறும் வண்டியில் காத்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அண்ணன், அப்பா, அண்ணி, மனைவி, மகள், சாலையைக் கடந்த அந்தப் பிள்ளைகள், மணிக்கட்டு கூடிவிட்ட அந்த அம்மா, ஈரச் சட்டையோடு நிற்கும் அந்த மெக்கானிக் என்று ஒவ்வொருவராக நினைத்து, ஒவ்வொருவருக்காகவும் அவரிடம் ஒரு நன்றி சொன்னான். முடிக்க வெகுநேரம் ஆனது.