சனிக்கிழமைச் செயன்முறை

கையைத் தொட்டவுடனேயே சுபாஜினிக்கு விளங்கிவிட்டது. அவளைப் பெற்ற ஐயாவின் கை குளிர்ந்து கிடந்தது. மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கண் மூடியிருந்தது, வாய் மூடியிருந்தது. பனிக்குக் கட்டுவதுபோல தலையையும் தாடையையும் சேர்த்து ஒரு துவாய் சுற்றியிருந்தது.

வெளியே, பழைய புகையிலைக் கொட்டிலில், பதினான்கு பிள்ளைகள் சேம்பு இலைத் தண்டைக் கீற்றுக் கீற்றாக வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரீச்சர், கை கடிக்குது!" என்று ஒருத்தி கத்தினாள். ஷரோன். அவளுக்கு எப்போதும் எதுவோ கடிக்கும்.

"தேசிக்காயைத் தேய், வாறன்!"

செத்த மனிதரின் கட்டிலடியில் நின்று கத்தியிருக்கிறோம் என்பது கத்தி முடிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்குத் தியாகலிங்கம் சேர் வருகிறார். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்குச் செயன்முறை பழக்குகிற வேலை கொழும்பில் இருக்கிறது. இரண்டு வருடம், தங்க இடமும் உண்டு. அதற்கு ஒருவர் நேரில் வந்து வகுப்பைப் பார்த்துப் புள்ளி போடவேண்டும். முதல் தடவை, ஆறு வருடத்துக்கு முன், ஆள் வருவதாக இருந்த அன்று ஐயா கிணற்றடியில் விழுந்தார், அதோடு படுக்கை. இரண்டாம் தடவை நெஞ்சுச்சளி என்று பெரியாஸ்பத்திரி. நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு விண்ணப்பிக்க முடியாது. சுபாஜினிக்கு வருகிற மாதம் நாற்பத்தைந்து.

"இண்டைக்குத்தானோ ஐயா உங்களுக்கு நேரம் கிடைச்சது?" என்றாள், மெதுவாக.

சொன்ன வாயில் அடிக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் கோபம் கோபம்தான். ஆறு வருடம் அவருடைய இருமலைக் காதில் வைத்துக்கொண்டு படுத்தவள். மூத்திரச் சட்டி எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடியவள். பாடசாலை ஆய்வுகூடத்துக் கூரை திருத்துகிறார்கள், ஒரு வருடமாகத் திருத்துகிறார்கள், அதனால் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து வாய்க்காலோரம் சேம்பு நட்டுச் செயன்முறை நடத்துகிறவள். இப்போது வாயைத் திறந்தால் பத்து நிமிடத்தில் ஒழுங்கை முழுக்கச் சனம் நிறைந்துவிடும். தியாகலிங்கம் சேர் படலையில் நின்று அனுதாபம் சொல்லிவிட்டுக் கோப்போடு திரும்பிப் போவார்.

போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

குசினியில் அம்மா பாலேஸ்வரி இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஐயா நல்ல நித்திரை. எழுப்பாதேங்கோ."

"நான் ஏன் எழுப்பப் போறன்?" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

தியாகலிங்கம் சேர் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கவே வந்துவிட்டார். கதைகாரர். உரும்பிராய் மண்ணில் ஒரு காலத்தில் சுபாஜினியின் ஐயா இராசநாயகண்ணையின் புகையிலையைப் போல புகையிலை இல்லை என்று தொடங்கி, கொட்டிலுக்கு வந்து கதிரையில் உட்காரும் வரைக்கும் வாய் ஓயவில்லை. உட்கார்ந்ததும் ஆள் மாறிவிட்டார். பேனையைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, வாயை மூடிக்கொண்டார்.

சுபாஜினி எதையும் முதலில் விளக்குகிறவள் அல்ல. ஐந்து தட்டில் ஐந்து வகைச் சீனிக் கரைசல், ஒவ்வொன்றும் முன்னதைவிடத் தடிப்பு. ஒவ்வொன்றிலும் சேம்புக் கீற்று, ஒரு பக்கம் தோலோடு. போடுமுன் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று தாளில் படமாகக் கீறிவைக்கவேண்டும். அரை மணி நேரம் கழித்துத் திரும்பக் கீறவேண்டும்.

"என்ன நடக்கும் எண்டு புத்தகத்திலை படிச்சவை கையைத் தூக்குங்கோ," என்றாள். எல்லாரும் தூக்கினார்கள். "நல்லது. அதை மறந்திட்டு இருங்கோ. கண்ணாலை பாக்கிறதை மட்டும் எழுதுங்கோ."

சேர் சிரித்து ஏதோ குறித்துக்கொண்டார். தன் குரல் தனக்கே வேறு யாரோ கதைப்பதுபோல் சுபாஜினிக்குக் கேட்டது. குரல் நல்லாய்த்தான் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

அந்த அரை மணி நேரத்துக்குள்தான் ஆபத்து வந்தது. சேர் பேனையை மூடிக்கொண்டு எழும்பினார்.

"சும்மா இருக்கிற நேரம், அண்ணையை ஒருக்கால் பார்த்திட்டு வாறன்."

சுபாஜினி மறிக்க ஒரு சாக்குத் தேடினாள். அவர் முற்றத்தைக் கடந்து வாசற்படியில் காலை வைத்துவிட்டார். அம்மா தேத்தண்ணித் தட்டோடு குறுக்கே வந்தாள்.

"இப்பதான் தம்பி, மருந்து குடுத்து, உடம்பு துடைச்சுப் படுக்க விட்டனான். இரா முழுக்க ஒரே இருமல். ஆளைக் கண்டால் எழும்பிடுவார், பிறகு நிப்பாட்டேலாது."

"ஐயோ, வேண்டாம் அக்கா. படுக்கட்டும்."

கொட்டில் வாசலில் நின்ற சுபாஜினிக்கு எல்லாம் கேட்டது. இரவு முழுக்க இருமலா? விடியப்புறம் இருமலே இல்லையென்று, கனகாலத்துக்குப் பிறகு நன்றாய்த் தூங்கினோமென்று, எழும்பும்போது அவளுக்குச் சந்தோசமாகக்கூட இருந்ததே! ஐயா வாயைத் திறந்துகொண்டு படுக்கிறவர், ஆறு வருடமும் அப்படித்தான். அந்தத் துவாய் பனிக்குக் கட்டியதல்ல, செத்தவர் வாயை மூடக் கட்டியது. காலையில் அம்மா பிட்டு அவித்து, சம்பல் அரைத்து, அவள் தின்று முடியும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அம்மா மூட்டியிருக்கிறாள்.

சேருக்குப் பின்னால் அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு தட்டைச் சேரிடம் நீட்டினாள்.

"ரீச்சர், அரை மணித்தியாலம் முடிஞ்சுது!"

கீற்றுகளை எடுத்தார்கள். மெல்லிய கரைசலில் கிடந்தது நன்றாய்ச் சுருண்டிருந்தது. சதை தண்ணீர் குடித்து வீங்க, இழுபடாத தோல் உள்ளே மடங்கிவிட்டது என்று ஜெயதீபன் என்ற பெடியன் காரணம் சொன்னான். தடித்த கரைசலில் கிடந்தது மறுபக்கம் வளைந்து துவண்டிருந்தது. நடுத் தட்டில் கிடந்த கீற்று மட்டும் போட்டபடியே இருந்தது.

"இதிலை என்ன நடந்தது?" என்று சுபாஜினி கேட்டாள்.

"ஒண்டும் நடக்கேல்லை," என்றாள் ஷரோன்.

"வடிவாய் யோசி. தண்ணி நிண்டு போச்சோ?"

ஷரோன் கையைச் சொறிந்துகொண்டே யோசித்தாள். "இல்லை ரீச்சர். போற அளவுக்கு உள்ளையும் வருது. அதுதான் அசையாமல் கிடக்கு."

தியாகலிங்கம் சேர் மேசையில் தட்டினார். "போதும். இதுக்குமேலை எனக்கு என்ன வேணும்?" போகும்போது படலையடியில் நின்று குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குத்தான். சனவரியிலை துவங்கும், பெட்டியைக் கட்டுங்கோ. ஒரு கரைச்சல், முதல் ஆறு மாசம் மட்டக்களப்பு, காலி எண்டு ஊர் ஊராய் ஒரே சுத்து. வீட்டுப் பக்கம் வரேலாது. வீட்டை போறன் எண்டு ஆராவது லீவு கேட்டால் அடுத்த ஆளைப் போட்டிடுவினம்."

"கேக்கமாட்டன் சேர்," என்றாள் சுபாஜினி. சிரிப்புக்கூட வந்தது.

பிள்ளைகளைத் தட்டுக் கழுவ விடாமல் அனுப்பினாள். "கழுவாமலோ?" என்று ஷரோன் இரண்டு தரம் கேட்டுவிட்டுப் போனாள்.

குசினியில் அம்மா அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினை மணிக்கு, அம்மா?"

"விடிய அஞ்சு மணி. தேத்தண்ணி கொண்டு போனன். ஒருக்கால் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

பிறகு அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சரி. இனி அழுவம்," என்று சொல்லிவிட்டுக் கட்டிலடிக்குப் போனாள். அவள் வைத்த ஓலம் நடிப்பென்று யாரும் சொல்லமுடியாது. காலை ஐந்து மணியிலிருந்து நெஞ்சுக்குள் கிடந்தது அது.

வேலிக்கு அந்தப் பக்கத்துக் கேதீஸ்வரி முதலில் ஓடிவந்தாள். பின்னாலேயே அயலவர் தியாகராசா, வந்தவுடன் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றினார். உயிர் போன நேரத்துத் திதியில்தான் மாதா மாதம் மாசியம், வருடா வருடம் திவசம். அதை எழுதி ஐயருக்குக் கொடுக்கவேண்டும்.

"எத்தினை மணி, அக்கா?"

"பதினொண்டரை. நான் பக்கத்திலை நிக்கேக்கை," என்றாள் அம்மா.

"அட்டமி எட்டே காலோடை முடிஞ்சுது. அப்ப நவமி." அவர் எழுதிக்கொண்டார்.

கேதீஸ்வரி ஐயாவின் கையை மடக்கப் பார்த்தாள். "என்ன இது, இப்பிடி விறைச்சுக் கிடக்கு?"

"ஆறு வருசம் படுக்கையிலை கிடந்த உடம்பு பிள்ளை. எப்பவோ விறைச்சது," என்றாள் அம்மா. கேதீஸ்வரி கையைப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

கனடாவிலிருந்து அண்ணன் சுதாகரன் தொலைபேசியில் அழுதான். புதன்கிழமை வருவானாம், அதுவரைக்கும் வைத்திருக்கட்டுமாம். "அம்மாவை நினைக்கத்தான் பயம். நல்லகாலம், நீ நிக்கிறாய்," என்றான். சுபாஜினி கொழும்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வரட்டும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சொல்லத்தான் போகிறோம் என்று உறுதியாகவும் இருந்தாள்.

உடலைப் பதப்படுத்துகிறவர்கள் வந்து பின்னேரம் மூன்று மணிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். சனம் போய் வீடு சற்று வெளித்தது. அம்மாவைத் தோயவார்க்கச் சுபாஜினி கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா துவைக்கிற கல்லில் குந்தினாள். சுபாஜினி நான்கு வாளி வார்த்தாள்.

"பிள்ளை," என்றாள் அம்மா, நனைந்த தலையோடு. "நவமி ஊருக்கு. கொண்ணை சுதாகரன் செய்யட்டும், ஐயர் வரட்டும். ஆனால் அந்த மனுசன் போனது அட்டமியிலை."

"ஓம் அம்மா."

"அட்டமிக்குச் சோறு வைக்காட்டில் அவர் படலைக்குள்ளை பசியோடை நிப்பார். நான் செய்த பிழை. ஆருக்கும் சொல்லேலாது. கொண்ணைக்கும் சொல்லேலாது."

"வைப்பம் அம்மா."

"மாசம் மாசம் வைக்கவேணும், வருசம் முடிஞ்சு ஆட்டைத் திவசம் வரைக்கும். பிள்ளையள் ஒராளாவது நிண்டு படைச்சால்தான் அவருக்குச் சேரும். உன்னைவிட்டால் எனக்கு ஆர்?" அம்மா முகத்து நீரை வழித்தாள். கண் சிவந்திருந்தது. "நீ கொழும்புக்குப் போ. நான் மறிக்கேல்லை. அதுக்காகத்தானே இவ்வளவும். அட்டமிக்கு மட்டும் வந்திட்டுப் போனால் காணும். வருவாய்தானே?"

வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தியாகராசாவும் இன்னொருவரும் முற்றத்தில் பந்தலுக்குக் கால் நடுகிற சத்தம் கேட்டது.

"ஓம் அம்மா," என்றாள் சுபாஜினி, காலையில் சேரிடம் லீவு கேக்கமாட்டன் என்று சொன்ன அதே வாயால். "வருவன்."

எழும்புவதற்கு அம்மா கையை நீட்டினாள். சுபாஜினி பிடித்துத் தூக்கிவிட்டாள். கல் வழுக்கியது. எழும்பி நின்று, சேலையைப் பிழிந்து, காய்ந்த நிலத்துக்கு வந்த பிறகும் அம்மா அந்தக் கையை விடவில்லை.