கசங்காமல்

காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டியவள் கிளிப்பு. திறந்து பார்த்தால் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகள் மேலே பார்க்க, மடித்த விரிப்பு ஒன்றைத் தூக்கிவந்தவள் போல நிற்கிறாள். கைகளில் ஒன்றுமே இல்லை. அவள் பின்னால் சலவைக் கொட்டடியின் நீராவி அப்போதுதான் எழும்பித் தெருவை நிறைத்துக்கொண்டிருந்தது. அதில் அவளுடைய கால்கள் முழங்கால் வரைக்கும் காணாமல் போயிருந்தன.

"திருப்பிக் கொண்டாந்திருக்கேன் டீச்சர். கசங்கல," என்றாள்.

எட்டு வயதுப் பெண். துணி காயப்போடும் கிளிப்புகளைக் கவுனின் ஓரம் முழுக்கக் குத்தி வைத்திருப்பாள், வாயிலும் ஒன்று இருக்கும். அதனால் அவளுக்கு நான் வைத்த பெயர் கிளிப்பு. இந்த ஊர் மொழியில் அவள் பேசுவதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன். என்ன கொண்டுவந்திருக்கிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. தூக்கக் கலக்கம் வேறு. "எதைம்மா?" என்றேன்.

"உங்க சாமிய. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு. எடுத்துக்கங்க, கை வலிக்குது."

நான் கைகளை நீட்டினேன். வேறு என்ன செய்வது? அவள் பதமாக என் கைகளில் வைத்தாள், ஓரங்களை நீவிவிட்டாள், வாயிலிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு ரொம்ப நன்றி என்று சொன்னாள். அது விளையாட்டில்லை என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். இந்த நாட்டுக்கு ஊழியத்துக்கு வந்து மூன்று வருஷம் முடிந்து, வருகிற சனிக்கிழமை ஊர் திரும்ப டிக்கெட் எடுத்தாயிற்று. கிளிப்பு வாசலில் வந்து நின்று, தங்கச்சிப் பாப்பாவுக்குக் காய்ச்சல், உங்க சாமியை ஒரு ராத்திரி நாங்க வெச்சுக்கலாமா என்று கேட்டாள். பிள்ளைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டு, ஒரு கையில் சேலையும் மறு கையில் சீப்புமாக, "வெச்சுக்கோ வெச்சுக்கோ" என்றேன். பிறகு நினைவு வந்து பாப்பாவையும் அவள் அம்மாவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து படுத்துவிட்டேன். கேட்டதை மறந்தே போனேன்.

இப்போது அவளை உள்ளே உட்காரவைத்து பிஸ்கட் கொடுத்துக் கேட்டேன், "சாமி எல்லாருக்கும்தானே கிளிப்பு? அதுக்கு எதுக்கும்மா எங்கிட்ட கேக்கணும்?"

அவள் பிஸ்கட்டைக் கடிக்காமல் என்னைப் பார்த்தாள். பாவம், இந்த டீச்சருக்கு என்ன ஆயிற்று என்கிற மாதிரி ஒரு பார்வை. "நீங்கதானே டீச்சர் வாராவாரம் சொல்றீங்க. சாமிக்கு *எங்க* மேலதான் பிரியம், *எங்கள* விட்டுட மாட்டாருன்னு. நம்மன்னு நீங்க சொன்னதே இல்லையே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த மொழியிலும் நம் மொழி போலவே 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. கேட்கிற ஆளையும் சேர்த்துக்கொள்ள ஒரு சொல், தள்ளி நிறுத்த ஒரு சொல். எனக்கு முன்னால் இங்கே இருந்த வேற்று நாட்டு மிஷனரி அம்மா ஒரு நோட்டில் பாடம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய சொந்த மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆகவே நோட்டிலும் ஒரே சொல், தள்ளி நிறுத்துகிற சொல். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மனப்பாடம் செய்தவள் நான். நாம், நாங்கள் என்று பால்குடி மறக்கும் முன்பே பிரித்துப் பேசத் தெரிந்த மொழியில் பிறந்தவளுக்கு, இந்த ஊரில் அது எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வந்த புதிதில் நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒருநாள் பெரிய பாத்திரத்தில் டீ போட்டு வைத்து, வாங்க, நாங்கள் டீ குடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இருபது பிள்ளைகளும் சுவரோரமாக அடக்க ஒடுக்கமாக நின்று நான் குடிப்பதைப் பார்த்தார்கள். டீ பிடிக்காத பிள்ளைகள் என்று நானும் முழுசாக உட்கார்ந்து குடித்தேன். என் வகுப்பு கொதிகலனுக்கு மேலே இருக்கிற அறையில் நடக்கும். தரை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும், சின்னப் பிள்ளைகள் பாதிப் பாட்டிலேயே தூங்கிவிடும். கடவுள் எங்களை நேசிக்கிறார் என்று நான் ஒரு வரி பாடுவேன், எல்லாரும் கை தட்டி ஒரே குரலில் ஒரு சொல் சொல்வார்கள். நான் சொல்லிக்கொடுக்காமல் அவர்களாகவே பிடித்துக்கொண்ட சொல். ஆமென் என்பதற்கு இந்த ஊர்ச் சொல் போலிருக்கிறது என்று பூரித்துப்போய் ஊருக்குக் கடிதமே எழுதினேன்.

"நான் பாடும்போது நீங்கள்லாம் ஒண்ணு சொல்வீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"யாருக்காச்சும் நல்லது நடந்தா சொல்றது டீச்சர்," என்றாள். கொஞ்சம் யோசித்து விளக்கினாள். நம் ஆட்கள் எப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நீங்க கொடுத்து வெச்சவங்க. மூன்று வருஷமாக அந்தப் பிள்ளைகள் கை தட்டி, முகமெல்லாம் சிரிப்பாக, பொறாமை என்பது துளியும் இல்லாமல், எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

அவளை வீட்டுக்கு அனுப்பப் பின்னாலேயே போனேன். கொட்டடி முற்றத்தில் இருபது வரிசைக் கயிறு, வரிசைக்கு முப்பது விரிப்பு. காற்று வந்தால் அத்தனையும் ஒரே சமயத்தில் மூச்சு இழுத்து விடும். நடுவில் நடந்தால் திசை தெரியாது. எங்கோ பிள்ளைகள் சிரிப்பார்கள், ஒரு நிழல் வெள்ளைத் துணியில் பெரிதாகி வந்து ஒன்றுமில்லாமல் போகும். ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் நூலால் ஒரு குறி போட்டிருக்கும். சிவப்பு என்றால் ஆஸ்பத்திரி, நீலம் ஆற்றங்கரை ஹோட்டல். நடக்கப் பழகும் முன்பே இந்தப் பிள்ளைகள் படிக்கிற முதல் எழுத்து அந்தக் குறிதான். தொடும் முன்பு எல்லாவற்றுக்கும் மூலையைப் பார்ப்பார்கள்.

கிளிப்புவின் அம்மா இஸ்திரி மேஜையில் நின்றிருந்தாள். காலடியில் கூடைக்குள் பாப்பா தூங்கியது. மேலே போர்த்தியிருந்த விரிப்பின் மூலையில் சிவப்பு நூல். நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"ராத்திரிக்கு மட்டும்தான் டீச்சர். இப்பவே துவைச்சு வெச்சிருவோம். யாருக்கும் தெரியாது."

நான் அதைப் பற்றிப் பேச வரவில்லை என்றேன். சொல் மாறிப்போன கதையைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி, உங்களுக்குத் தெரிந்திருக்குமே, ஒருத்தராவது என்னைத் திருத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் சூடாகத்தான் வந்துவிட்டது. வெட்கப்பட்டால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "தப்புன்னு நாங்க நினைக்கல டீச்சர். வேன்ல வந்து எறங்குறவங்க எல்லாருமே அப்படித்தான் பேசுவாங்க. நீங்க பிஸ்கட்டும் குடுத்தீங்க. மரியாதை தெரிஞ்ச ஆளு, இருக்கிறத இருக்கிறபடி சொல்றீங்கன்னு நெனச்சோம்."

அழுகைதான் வந்தது, அதை நீராவியின் மேல் பழிபோட்டுக்கொண்டேன்.

அன்று மத்தியானம் அக்காவுக்குப் போன் செய்தேன். என் வாய் ஊரில் பெயர் போனது என்றால், அக்கா எனக்கே அக்கா. முழுக்கதையும் கேட்டுவிட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏண்டி, மூணு வருஷமா அவ்வளவு தூரம் போய், அந்தப் பிள்ளைங்கள வெளியில நிக்க வெச்சுட்டு வந்திருக்கியே."

"தெரிஞ்சா செஞ்சேன்?"

"இன்னும் நாலு நாள் இருக்குல்ல. போய்ச் சொல்லு."

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. அதற்குள் அந்த ஒரு சொல்லைச் சரியாக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் இங்கே வந்ததற்கே அர்த்தமில்லை. நான்கு நாளும் குளிக்கும்போது, நடக்கும்போது, அந்த 'நாம்' என்ற சொல்லையே வாய்க்குள் போட்டு உருட்டினேன். அதில் ஓர் அசை அதிகம். பாட்டில் போட்டால் தாளம் நொண்டியது. நொண்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

வகுப்பில் எல்லாரும் வந்திருந்தார்கள். அறை வெதுவெதுப்பாக, சலவைச் சோடா வாசனையாக இருந்தது, ஜன்னலுக்கு வெளியே வெள்ளை அலைந்துகொண்டிருந்தது. நான் தப்பாகச் சொல்லிவந்தேன் என்று முதலில் ஒப்புக்கொண்டேன். பெரியவர்கள் தப்பை ஒப்புக்கொண்டால் சிரிப்பு வருமென்று நினைத்தேன், யாரும் சிரிக்கவில்லை. பிறகு பாடினேன். கடவுள் நம்மை நேசிக்கிறார்.

பிள்ளைகள் கைகளைத் தட்ட எடுத்தார்கள். எடுத்த கைகள் அப்படியே நின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நம்மை என்று சொன்னால் அதற்கு என்ன பதில் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கொடுத்து வைத்தவர்கள் என்று தன்னைப் பார்த்தே யாராவது சொல்லிக்கொள்வார்களா? கீழே கொதிகலன் முனகுவது கேட்டது. நான் இன்னொரு தரம் பாடினேன். கடைசி வரிசையில் ஒரு சின்னப் பயல் ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டுப் பயந்து நிறுத்திக்கொண்டான்.

கிளிப்பு கையைத் தூக்கினாள். "டீச்சர், எதிர்ல இருக்கிறவங்களச் சேர்த்துச் சொன்னாத்தான நம்ம?"

"ஆமா."

"நாளைக்கு நீங்க போயிருவீங்க. அப்புறம் அதுல யாரெல்லாம் இருப்பாங்க?"

கடவுள் இருப்பார், நீங்கள் எல்லாரும் இருப்பீர்கள் என்று சொன்னேன். சரியான பதில்தான். எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். என் காதுக்கே அது நோட்டில் இருந்து படித்தது போல ஒலித்தது. அவள் தலையை ஆட்டிவிட்டு வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டாள்.

மறுநாள் வேன் பத்து மணிக்கு என்றார்கள். ஒன்பதரைக்கே பெட்டியை வாசலில் வைத்துவிட்டுக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமென்று முற்றத்துக்குப் போனேன். ஒருவரும் தென்படவில்லை. விரிப்புகள்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. மூன்றாவது வரிசையா நான்காவதா என்று வழி தவறி நின்றபோது, ஒரு துணி விலகிக் கிளிப்பு வந்தாள். கையில் காய்ந்த விரிப்பு ஒன்று, அவளை விட மூன்று மடங்கு நீளம்.

"அம்மா பாப்பாவுக்கு ஊசி போடப் போயிருக்கா. ஒத்த ஆளா மடிக்க முடியாது," என்று சொல்லி இரண்டு மூலைகளை என் கையில் திணித்தாள்.

பழக்கதோஷம், நானும் மூலையைப் பார்த்தேன். சிவப்பு நூல். அவள் பின்னால் நடந்து தூரமாகப் போய்த் தன் மூலைகளை விரித்துப் பிடித்தாள். உதறினோம். நீளவாக்கில் ஒரு மடிப்பு. பிறகு அவள் என்னை நோக்கி நடந்து வந்து, தன் மூலைகளை என் விரல்களுக்குள் சொருகிவிட்டு, கீழே தொங்கிய மடிப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு திரும்பப் பின்னால் போனாள். ஒவ்வொரு தடவை வரும்போதும் துணி குட்டையானது, அவள் விரல்கள் ஈரமாக, சூடாகப் பட்டன.

தெருவில் வேன் ஹாரன் அடித்தது. எனக்கு முன்னால் அவள் காதில் விழுந்துவிட்டது. மறுபடியும் அடித்தது, இந்த முறை நீளமாக. காற்று எழுந்து எங்கள் நடுவில் இருந்த துணி வயிறு உப்பி, அவள் முகம் மறைந்தது. இரண்டு சின்னக் கைகள் மட்டும் மூலைகளில் இறுகத் தெரிந்தன.

"விட்றாதீங்க டீச்சர்," என்றது குரல். "தரையில பட்டா நம்மதான் மறுபடியும் துவைக்கணும்."