இரும்புதானே

…விற்றால்தான் என்ன, பதினொரு மணிக்கு நல்லூரிலிருந்து அந்த ஆள் வருவார், பார்ப்பார், லொறியில் ஏற்றிக்கொண்டு போவார், முற்றம் வெளித்துப்போகும், அவ்வளவுதானே, இதற்கு ஏன் விடியவே எழும்பிக் குந்திக்கொண்டிருக்கிறேன்? தேத்தண்ணீர் ஆறிவிட்டது. யன்னலுக்கு வெளியே கார் நிற்கிறது, இடது பக்க முன்விளக்கு இல்லை, பொனற் மடிந்து மேலே எழும்பியிருக்கிறது, இரண்டு மாதமாக அப்படியே. கொடிகாமத்திலிருந்து மெக்கானிக் கோபிசங்கர் நேற்று வந்து, கீழே படுத்து, தட்டி, தடவி, கடைசியில் என்ன சொன்னான்? “திருத்தலாம் அக்கா, ஏன் ஏலாது? ஆனா சாமான் எடுக்க நாள் செல்லும், செலவும் கூட. விக்கிறியளெண்டால் நாளைக்கே ஆள் அனுப்புறன்.” இரண்டையும் சொல்லிவிட்டு முடிவை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான், கெட்டிக்காரன். ஆளை வரச்சொல் என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு இரவு முழுக்கப் புரண்டு படுத்ததும் நான்தான்.

திருத்தி எடுத்தாலும் எங்கே ஓடப்போகிறேன், யாரை ஏற்றப்போகிறேன்… இவர் போய் ஆறு வருடம், இவர் போன பிறகுதான் நான் கார் ஓடப் பழகினேன், ஐம்பத்திரண்டு வயதில் எல் போட்டைக் கட்டிக்கொண்டு கரவெட்டி ஒழுங்கைகளில் ஊர்ந்தபோது ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, சிரிக்காமல் முன் சீற்றில் வந்து ஏறியவள் பக்கத்து வீட்டுச் செல்வநாயகி ஒருத்திதான். செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்கு மந்திகையில் கிளினிக். கொப்பியும் குடையும் மடியில், வாய் மட்டும் ஓயாது, “மெல்ல ஓடுங்கோ அக்கா, சுகர் பாக்கத்தான் போறம், ஒருத்தரும் சாகக் கிடக்கேல்லை” என்பாள். பிள்ளைகள் இல்லாத எனக்குக் கிழமையில் அந்த ஒரு நாள் போதுமாக இருந்தது, மிச்ச ஆறு நாளும் அதை நினைத்துக்கொண்டே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துவிடலாம். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவள் வாசலுக்கு ஓட்டோ வருகிறது. சத்தம் கேட்டதும் நான் ரிவியைக் கூட்டி வைப்பேன், எனக்குக் கேட்கவில்லையாம், அப்படி யாருக்குக் காட்டுகிறேனோ தெரியாது.

எல்லாம் அந்தக் கலியாணத்தோடு வந்தது. அவள் மகள் கஜந்தினியின் கலியாணம், பொம்பிளைக் கார் என்னுடையது, அதைப் பேசவே தேவையில்லை, அந்த வீட்டுக்கு வேறு யாருடைய கார் போகும்? ஆனால் யார் ஓடுவது… இரண்டு நாளுக்கு முன்னரே கார்த் திறப்பைக் கொண்டுபோய் அவள் மகன் லக்ஷனின் கையில் வைத்தேன், “தம்பி, நீயே ஓடு, சனத்துக்குள்ளை எனக்கு ஓட ஏலாது” என்றேன். தாலியறுத்தவள் பொம்பிளையை ஏற்றிக்கொண்டு போகக்கூடாது என்று அந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய சங்கடத்தை நான் அவர்களுக்கு வைக்கவில்லை, அதுதான் உண்மை. ஆனாலும் அந்த நேரம் செல்வநாயகியின் முகத்தைப் பார்த்தேன். ஒரு பாரம் இறங்கிய முகம். பார்க்காமல் விட்டிருக்கலாம். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் நசித்து, பூமாலை போட்டுக் கார் புறப்பட்டபோது நான் இந்த வாசலில் நின்று கைகாட்டினேன், பிறகு ஓட்டோ பிடித்துப் போய்க் கலியாண மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்தேன். கலியாணம் முடிந்து கால்மாறுகிற சடங்குக்குப் போன மாப்பிள்ளை பொம்பிளையை நல்லூரில் மாப்பிள்ளை வீட்டில் இறக்கிவிட்டுத் தனியே திரும்பிய லக்ஷன், வல்லை வெளியில் மாடு ஒன்று குறுக்கே வர, வெட்டித் திருப்பி மதகில் கொண்டுபோய் இடித்தான். அவனுக்கு ஒரு கீறலும் இல்லை.

அந்த வீட்டார் இந்தப் பக்கம் வராமல் விட்டது அதற்குப் பிறகுதான். விதவையின் கார், அதுதான் இடித்தது என்று யாரும் கதைத்திருப்பார்களோ, செல்வநாயகியும் அதைக் கேட்டுத் தலையாட்டியிருப்பாளோ என்று இரண்டு மாதமாக நினைத்து நினைத்து வெந்தேன், ஒருவகையில் அது சுகமாகவும் இருந்தது, பிழை முழுக்க அந்தப் பக்கம் அல்லவா. அப்படி யாரும் சொல்லி நான் கேட்டேனா? இல்லை. கேட்டது வேறு. கார் இடித்த அடுத்த நாள் காலை தாயும் மகனும் வந்து நின்றார்கள், லக்ஷன் நிலத்தைப் பார்த்தபடி, “அன்ரி, என்ரை கூட்டாளியின்ரை கராஜ் இருக்கு, நான் கொண்டுபோய்த் திருத்தித் தாறன்” என்றான். நான் சிரித்தேன். “இரும்புதானே தம்பி! நீ முழுசா வந்தியே, அது போதும். ஒண்டும் செய்ய வேண்டாம்.” “அப்பிடி எப்பிடி அக்கா, நாங்கள் தானே…” என்று செல்வநாயகி தொடங்கினாள். “வேண்டாமெண்டால் வேண்டாம்” என்றேன். தேத்தண்ணீர் கொடுத்தேன், பாதி குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். எவ்வளவு பெரிய மனசு எனக்கு என்று அன்றைக்கு முழுக்க நானே என்னை மெச்சிக்கொண்டிருந்தேன். பெரிய மனசா அது? இறங்கிய பாரத்தைத் திரும்ப அவள் தலையில் தூக்கி வைத்தேன், வேறென்ன… திருத்தவும் விடாமல், விற்கவும் செய்யாமல், அவர்கள் படலையைத் திறந்தால் முதல் கண்ணில் படுகிற இடத்தில் நசுங்கிய காரை இரண்டு மாதம் நிறுத்தி வைத்திருக்கிறேன். எந்த முகத்தோடு அவள் இங்கே வருவாள்?

போன் அடிக்கிறது. “அம்மா, நான் கேதீஸ்வரன், கார் பாக்க வாறன். நெல்லியடிச் சந்தியிலை நிக்கிறன், எப்பிடி வாறது?” கொஞ்சம் நில்லுங்கோ, நானே திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். செருப்பைப் போட்டேன். அவர்கள் படலைக்குப் போய் நின்ற பிறகுதான் கையில் ஒன்றும் இல்லை என்று கண்டேன், முப்பது வருடத்தில் இந்த வீட்டுக்கு வெறுங்கையோடு வந்ததே இல்லை, மோதகம், முருங்கைக்காய், மாம்பழம், ஏதாவது ஒன்று, கொடுக்கத்தான் வந்திருக்கிறேன், ஒரு நாளாவது ஏதாவது தா என்று கேட்டு வந்தேனா? செல்வநாயகி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள்.

“தம்பி நிக்கிறானோ?” என்றேன். குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது. “காரைத் திருத்த வேணும். எனக்குத் தனிய ஏலாது.”

அவள் என்னையே பார்த்தாள். “இண்டைக்குத்தானோ அக்கா கேக்கிறியள்?”

கோபமா, அழப்போகிறாளா… முந்தி என்றால் முன் சீற்றில் அவள் மூச்சு விடுவதை வைத்தே சொல்லிவிடுவேன், இப்போது முகத்துக்கு நேரே நின்றும் எனக்குத் தெரியவில்லை.