அறுந்துச்சு!

கமலவேணி எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்க வந்த நாளிலிருந்து திருஞானசம்பந்தம் சாருக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பள்ளியில் இங்கிலீஷ் என்றால் அவர்தான். கடந்த கால வினைகளை ‘வாக்கிட்’, ‘வாஷிட்’, ‘லாஃபிட்’ என்று எழுத்து விடாமல் உச்சரித்து, சின்ன காஞ்சிபுரத்தில் பாதிப் பேரை அப்படியே பேசவைத்த மனிதர். நேற்று வந்த ஒருத்தி, அதுவும் தற்காலிக டீச்சர், அதெல்லாம் தப்பு என்றால் விடுவாரா?

அவளுக்கும் அவரைக் கண்டால் ஆகாது. அதை ஒளிக்கவும் மாட்டாள். புருஷன் செத்து இரண்டு வருஷமாக அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி ணங்கென்று தட்டை வைக்கிற சத்தத்திலேயே சோறு தொண்டையில் நின்றுவிடும். இந்த வேலை நிரந்தரமானால் தனியாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம். அதற்கு இன்ஸ்பெக்டர் அவள் வகுப்பைப் பார்த்து நல்லபடியாக நாலு வரி எழுதவேண்டும்.

அவள் கண்டுபிடித்த விளையாட்டுக்குப் பெயர் கோர்வை. பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால், நெய்கிறவர் உடலுக்கு நூல் சுற்றிய நாடாவை எறிவார், பக்கத்தில் இன்னொருவர் கரைக்கு எறிவார். இரண்டும் பிசகாமல் சேரவேண்டும். வகுப்பில் முக்கால்வாசி நெசவாளர் வீட்டுப் பெண்கள். கரைக்கு நாடா போட்டுப் பழகிய கைகள். அதனால் ஒருத்தி வினைச்சொல்லைச் சொல்வாள், எதிரே நிற்பவள் அதற்குக் கடந்த கால முடிவைக் கரையாகப் போடவேண்டும். ‘வாக்’ என்றால் வெறும் காற்றாக ஒரு ‘ட்’. ‘புல்’ என்றாலும் ‘ட்’தான், ஆனால் தொண்டையில் விரல் வைத்தால் அதிரவேண்டும். ‘வான்ட்’ மாதிரி வார்த்தைக்கு மட்டும்தான் ‘இட்’. தப்பான கரை போட்டால், தறியில் நூல் அறுந்தால் சொல்வதுபோல வகுப்பே “அறுந்துச்சு!” என்று கத்தும். அடுத்த அறையில் சம்பந்தம் சார் மேஜையைத் தட்டுவார். தட்டட்டுமே என்று இவள் இன்னும் இரண்டு ஆட்டம் நடத்துவாள்.

இன்ஸ்பெக்டர் தணிகாசலம் வந்த அன்று சம்பந்தம் சாரும் கூடவே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பெண்கள் வெளுத்து வாங்கினார்கள். இருபது வார்த்தையில் ஒன்றுகூடப் பிசகவில்லை. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். சம்பந்தம் சாருக்குப் பொறுக்கவில்லை.

“இது இன்னா சார், வகுப்பா, சந்தையா? நான் ஒண்ணு கேக்கறேன். ஏய் அம்சா, எழுந்திரு. ‘ஷி வாஷிட் தி ப்ளேட்’. தமிழ்ல சொல்லு.”

அம்சா வாயைத் திறப்பதற்குள் நாற்பது பெண்களும் பழக்கதோஷத்தில் ஒரே குரலாகக் கத்தினார்கள்.

“அறுந்துச்சு!”

இன்ஸ்பெக்டர் பக்கென்று சிரித்துவிட்டார். சம்பந்தம் சாரின் முகம் செத்துப்போனது. எழுந்து நின்று, பெண்களைப் பார்க்காமல் கமலவேணியையே பார்த்துச் சொன்னார்:

“அறுத்தவகிட்ட படிக்கிறதுங்க, வேற இன்னா கத்தும்?”

அடப்பாவி! தாலியறுத்தவள் என்று பச்சையாகச் சொல்கிறானே, அதுவும் பிள்ளைகளுக்கு எதிரில்! கமலவேணிக்குக் காது கொதித்தது. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத பெண் அங்கே யாருமில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவையே பார்த்தார். “சரி சரி, பெரியவரு, ஏதோ வாய் தவறிட்டாரு. பசங்க அவரைக் கேலி பண்ணதும் தப்புதானேமா? நீங்க ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடுங்க, நான் நல்லபடியா எழுதி கையெழுத்து போட்டுடறேன். ஓரிக்கை ஸ்கூலுக்கு வேற போகவேண்டி இருக்குது.”

ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் அண்ணியின் முகத்தில் இனி விழிக்கவேண்டாம். மன்னிப்பாம்! இந்த ஆளிடமாம்!

அவள் நேராகப் போய் அவர் எதிரில் நின்றாள்.

“சார், ஒரே ஒரு வார்த்தை. ‘இன்சல்ட்’. கடந்த காலம் இன்னா?”

இருபத்திரண்டு வருஷப் பழக்கம் ஆயிற்றே, யோசிப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது.

“இன்சல்டிட்.”

“சரி,” என்றாள் கமலவேணி. “இன்னிக்கு நீங்க வாயைத் தொறந்ததுல சரியா வந்தது இது ஒண்ணுதான் சார். செஞ்சி செஞ்சி பழகிட்டீங்க இல்ல?”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு வெளியே நடந்தார். “சார், பாத்தீங்களா சார்” என்று சம்பந்தம் சார் பின்னாலேயே ஓடினார்.

வேலை போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் ஒருத்தி முன்னாலும் அழக்கூடாது என்று சாக்பீஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

“இன்னாடி எல்லாம் ஊமையாட்டம் உக்காந்துக்கினு? அடுத்தது யாரு, வா,” என்றாள்.